மிஷின் நின்ற இடங்கள்

பிப்ரவரி 9

என் குருவிக்கு,

பாட்டி நன்றாக இருக்கிறேன். முட்டி மட்டும் காலையில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பத்து மணிக்கு மேல் சொன்ன பேச்சு கேட்கும். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கண்ணுக்கு மருந்து விடுகிறாயா என்று எழுது.

போனில் பேசினால் ஆகாதா என்பாய். போனில் நீ "சரி பாட்டி, சரி பாட்டி" என்று என்னை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிடுகிறாய். காகிதத்தில் அப்படித் தள்ள முடியாது.

நேற்று உன் அப்பா பட்டன் அறுந்த சட்டையோடு கடைக்கு வந்தான். பேச்சோடு பேச்சாக, "குருவி சனிக்கிழமை சனிக்கிழமை சித்தி வீட்டுக்குப் போறாம்மா. மேஜை மேல ஒரு சின்ன மிஷினை வச்சு அவங்க பேசுறதை எல்லாம் பதிவு பண்றா. அவ படிப்புக்காம்" என்றான்.

"எந்தச் சித்தி?" என்று கேட்டேன். எனக்கு இருப்பது ஒரே தங்கை. அவனுக்கு இருப்பது ஒரே சித்தி. இருந்தாலும் கேட்டேன்.

என் தங்கை பேசுகிறாளாம்! முப்பத்தொரு வருடம் இந்தத் தையல் கடையில் ஒரே மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நான் வெட்டித் தைப்பேன், அவள் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துப் பட்டன் வைப்பாள். அத்தனை வருடத்தில் அவள் பேசியதைத் தபால்தலைக்குப் பின்னால் எழுதிவிடலாம். அவள் தன் மகன் வீட்டோடு போய் அடுத்த மாதம் வந்தால் இரண்டு வருடம். போன பிறகுதான் வாய் முளைத்ததோ என்னவோ.

என் கடைக்கு ஒரு நாளாவது அந்த மிஷினைக் கொண்டுவந்தாயா? சும்மா கேட்கிறேன். எனக்கு ஒன்றும் இல்லை.

வெயிலில் அலையாதே.

உன் பாட்டி


பிப்ரவரி 17

அன்புள்ள பாட்டிக்கு,

நான் நலம். மருந்து விடுகிறேன். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், பத்து மணி வரை காத்திருக்க வேண்டாம்.

"எனக்கு ஒன்றும் இல்லை" என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் படிப்பது இலக்கணப் புத்தகம் இல்லை பாட்டி. நாலு பேர் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவதை அப்படியே பதிவு செய்து, ஒரு நிமிடப் பேச்சை ஒரு மணி நேரம் கேட்டு எழுதுவோம். இழுத்தது, விழுங்கியது, குறுக்கே புகுந்தது எல்லாவற்றுக்கும் குறி உண்டு. யாரும் பேசாத இடத்தையும் விடமாட்டோம். எத்தனை விநாடி என்று அடைப்புக்குறிக்குள் எண் போடுவோம். ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்க, பெரும்பாலும் கண் இமைக்கும் நேரம்தான் ஆகும். "வர்றியா?" என்று கேட்டுப் பதில் அதைவிடத் தாமதமானால், வரப்போவது "இல்லை" என்று கேட்டவருக்கு அப்போதே தெரிந்துவிடும்.

பேசுகிறவரை எல்லாரும் ஆராய்ந்துவிட்டார்கள். நான் எடுத்திருப்பது கேட்கிறவரை. அதாவது "உம்" கொட்டுகிறவரை. அந்த ஒரு "உம்"மிலேயே "மேலே சொல்லு" உண்டு, "அப்படியா சேதி" உண்டு, "போதும், அடுப்பில் வேலை இருக்கிறது" உண்டு. சின்னப் பாட்டி மாதிரி உம் கொட்டுகிற ஆளை நான் பார்த்ததே இல்லை. என் பேராசிரியர் அவர் குரலைக் கேட்டுவிட்டு, "இந்த அம்மா எதிரில் உட்கார்ந்தால் நானே எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன்" என்றார்.

சின்னப் பாட்டி வீடு என் விடுதியிலிருந்து இரண்டு நிறுத்தம். அவ்வளவுதான் காரணம்.

அன்புடன்,
குருவி


பிப்ரவரி 22

குருவிக்கு,

சுகம். உன் சுகத்தையும் கேட்டதாக வைத்துக்கொள்.

உம் கொட்டுவதற்கா டாக்டர் பட்டம்? என் பேத்தி டாக்டருக்குப் படிக்கிறாள் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். "ஊசி போடுவாளா?" என்கிறார்கள். "இல்ல, பேச்சுக்கு டாக்டர்" என்றால், திரைச்சீலை தைக்க வந்த வாத்தியாரம்மா, "திக்குவாய்க்கா?" என்கிறாள். இனி இவர்களிடம் நான் என்ன சொல்ல? "உம்முக்கு டாக்டர்" என்றா?

உன் பேராசிரியரிடம் ஒன்று கேள். அவள் உம் கொட்டினாள், சரி. கொட்ட வைத்தது யார்? முப்பத்தொரு வருடம் நான் வாய் வலிக்கப் பேசாமல் இருந்திருந்தால் அவள் எதற்கு உம் கொட்டியிருப்பாள், சுவருக்கா? அவளைப் பழக்கியது நான். நியாயப்படி பாதிப் பட்டம் எனக்குச் சேர வேண்டும்.

இப்போது அவள் மகன் வீட்டு மேஜையில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்க, எதிரில் என் பேத்தி மிஷினோடு உட்கார்ந்திருக்கிறாள். நன்றாக இருக்கட்டும். சிவப்பு பெயின்ட் அடித்த அந்தப் பால்கனியில்தானே உட்காருகிறீர்கள்? உன் அப்பா படம் காட்டினான். இளைத்த மாதிரித் தெரியவில்லை அவள்.

எனக்கும் ஒரு மிஷின் அனுப்பு. நான் ஐந்தாம் வகுப்பில் வாசிப்பில் முதல் ஆள். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி என்னைத்தான் எழுப்பி வாசிக்கச் சொன்னார். அவளை இல்லை.

பாட்டி


மார்ச் 4

அன்புள்ள பாட்டிக்கு,

தேர்வுத் தாள் திருத்துகிற வேலை, சுருக்கமாக எழுதுகிறேன். பதிவுக் கருவியை இத்துடன் அனுப்புகிறேன். மேலே இருக்கும் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், அப்போது பதிவாகிறது என்று அர்த்தம். மறுபடி அழுத்தினால் அணையும். வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். கடையில் எப்போதும் போல இருங்கள், அதுதான் வேண்டும். குரல் பதிவாகிற ஒவ்வொருவரும் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். முப்பது தாள் வைத்திருக்கிறேன்.

சின்னப் பாட்டி உங்களை விசாரித்தார். "அக்கா முட்டிக்குத் தைலம் போடுறாளா?" என்று. அவ்வளவு நீளமாக அவர் பேசி இப்போதுதான் கேட்டேன்.

குருவி


மார்ச் 28

என் தங்கக் குருவிக்கு,

பாட்டிக்கு இந்த வாரம் முட்டியே ஞாபகம் இல்லை, அவ்வளவு வேலை. உன் கண் எப்படி இருக்கிறது?

பதிவு முடிந்தது. கருவியைப் பஞ்சு வைத்துச் சுற்றி அனுப்புகிறேன்.

பத்து நாள் தயார் செய்தேன். நோட்டில் எழுதி, அடித்து, திருத்தி எழுதினேன். நேற்று மதியம் கடைக் கதவைச் சாத்தி, இஸ்திரி போட்ட உடுப்பு மாட்டிக்கொண்டு, உன் கருவிக்கு முன்னால் எழுந்து நின்று, "மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களே, அவையோரே" என்று ஆரம்பித்தேன். இருபது நிமிடம். ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. கொச்சை வார்த்தை ஒன்று வந்திருந்தால் என் காதை அறுத்துக்கொள்.

கையெழுத்து இருபத்து மூன்று பேரிடம் வாங்கியிருக்கிறேன். மருந்துக் கடைக்காரர், தபால்காரர், வாத்தியாரம்மா எல்லாரும் போட்டார்கள். ஆனால் ஒருவரையும் உள்ளே விடவில்லை. குறுக்கே பேசிக் கெடுத்துவிடுவார்களே! மருந்துக் கடைக்காரர் மட்டும் வெளியே நின்று இருமினார், அதை வேண்டுமானால் வெட்டிவிடு.

பேசி முடித்துப் பொத்தானை அழுத்தினேன், சிவப்பு விளக்கு போகவில்லை. இஸ்திரிப் பெட்டி மாதிரி தானே அணையும் என்று பக்கத்தில் கிடந்த திரைச்சீலைத் துணியைப் போட்டு மூடிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

இனி சொல், யார் பேச்சு நன்றாக இருக்கிறது?

பாட்டி

பின் குறிப்பு: தைலம் போடுகிறேனா இல்லையா என்பதை என்னிடம் கேட்கத் தெரியாதா அவளுக்கு? போன புதிதில் மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் எனக்குக் கைவேலை, வைத்துவிட்டேன். நாலாவது முறை செய்யக் கூடாது என்று சட்டமா?


ஏப்ரல் 9

அன்புள்ள பாட்டிக்கு,

நலம்தானே? கண் தேவலை.

உங்கள் பேச்சை விடுதித் தோழிகள் எல்லாரும் கேட்டோம். முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினோம். நிஜமாக.

ஆனால் பாட்டி, திட்டாதீர்கள். அதை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது. அது மேடைப் பேச்சு. எதிரில் ஆள் இல்லை. எங்களுக்கு வேண்டியது, நீங்கள் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டே ஒருவரைத் திட்டி, அவர் திருப்பி ஒன்று சொல்கிற பேச்சு. இன்னொன்று, இருபத்து மூன்று கையெழுத்து இருக்கிறது, பேசியவர் கையெழுத்து மட்டும் இல்லை!

எப்படி இருக்க வேண்டும் என்று தெரிய, சனிக்கிழமைப் பதிவிலிருந்து ஒரு துண்டு அனுப்புகிறேன். "பாட்டிக்குக் காட்டட்டுமா?" என்று சின்னப் பாட்டியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து "உம்" என்றார்.

மருமகள்: அங்கயே இருந்திருக்கலாமே அத்தை. அக்காவும் தங்கச்சியும் ஒண்ணா.
(3.1)
சின்னப் பாட்டி: மிஷின் ஓடிட்டே இருந்துச்சு.
மருமகள்: எந்த மிஷின்?
(0.8)
சின்னப் பாட்டி: உம். விடு. அடுப்பைப் பாரு.

பத்து முறை கேட்டுவிட்டேன், இந்த மிஷின் எது என்று புரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

குருவி


ஜூன் 6

குருவிக்கு,

சுகம். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், சீருடை மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. அதனால்தான் எழுத முடியவில்லை. நீ மூன்று முறை போன் செய்ததும் தெரியும். கைவேலை.

அந்தக் காகிதம் வந்தது. மருமகள் "அத்தை" என்று எவ்வளவு தேன் ஒழுகக் கூப்பிடுகிறாள் என்பதற்கு உங்களிடம் குறி கிடையாதா? இருந்தால் போடு. பதிவு மிஷின் இருக்கிற சனிக்கிழமை மட்டும் ஒழுகுகிறதா, தினமும் ஒழுகுகிறதா என்று பார்.

மூன்று புள்ளி ஒன்று என்றால் எவ்வளவு நேரம் என்று என் மிஷினில் ஓட்டிப் பார்த்தேன். நாலு விரல் அகலத்துக்குத் தையல் விழுகிறது. அவ்வளவுதான். அதற்குள் ஒரு பெரிய மனுஷி வாய் திறந்து பதில் சொல்லக் கூடாதா?

வேறு விசேஷம் இல்லை. வாத்தியாரம்மாவின் திரைச்சீலை அரை அடி நீளம் அதிகம். என் தப்பு இல்லை, அவள் அளவு.

பாட்டி


ஜூன் 15

அன்புள்ள பாட்டிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீருடை எங்கும் ஓடிவிடாது.

ஒரு விஷயத்தை எப்படி எழுதுவது என்று ஒரு மாதமாக யோசிக்கிறேன். மேடைப் பேச்சு முடிந்த பிறகு கருவி அணையவில்லை. நீங்கள் பொத்தானைச் சரியாக அழுத்தவில்லை. திரைச்சீலைத் துணிக்கு அடியிலிருந்து இன்னும் இரண்டு மணி நேரம் பதிவாகியிருக்கிறது.

முதலில் கடையில் வேறு யாரோ இருப்பதாகத்தான் நினைத்தேன். நீங்கள் மிஷினை ஓட்டிக்கொண்டே பேசுகிறீர்கள். ஒரு பேச்சு முடிகிற இடத்தில் மிஷின் நிற்கிறது. பிறகு மறுபடி ஓடுகிறது. அப்படி நாற்பத்தோரு முறை. ஒரு துண்டு எழுதுகிறேன்.

பாட்டி: அளவு குடுத்திருக்கா பாரு. இது ஜன்னலுக்கா கப்பலுக்கா?
(மிஷின் நிற்கிறது. 0.9. மிஷின் ஓடுகிறது.)
பாட்டி: கேட்டா கோவம் வரும் அவளுக்கு. வாத்திச்சி இல்லையா.
(மிஷின் நிற்கிறது. 1.0. மிஷின் ஓடுகிறது.)
பாட்டி: அந்த வெள்ளை நூல்கண்டு எங்கடி வச்சே?
(மிஷின் நிற்கிறது. 2.4)
பாட்டி: என்ன, தூங்கிட்டியா?
(6.2)
(மிஷின் ஓடுகிறது.)

எந்த வாடிக்கையாளர் குரலும் இல்லை. கதவு திறக்கிற சத்தமும் இல்லை. யார் பாட்டி அது?

நான் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். சின்னப் பாட்டியின் சனிக்கிழமை "உம்" ஒன்றை எடுத்து, அந்த முதல் இடைவெளியில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. உடனே அழித்துவிட்டேன்.

இந்த இரண்டு மணி நேரம் மாதிரி ஒரு பதிவு எங்கள் துறையில் யாரிடமும் இல்லை என்கிறார் பேராசிரியர். ஆனால் உங்கள் கையெழுத்து இல்லாமல் தொடமாட்டேன். சின்னப் பாட்டிக்குப் போட்டுக் காட்டட்டுமா? அதற்கும் உங்கள் பதில் வேண்டும்.

குருவி


ஜூலை 21

என் குருவிக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் அப்படியே இரு. போன கடிதத்தைப் படித்துவிட்டு உன்னை என்னென்னவோ திட்டினேன். கருவி இல்லாததால் தப்பித்தாய்.

அவளுக்குப் போட்டுக் காட்டாதே. அப்படிச் செய்தால் இந்த ஜென்மத்தில் உன் சட்டைக்கு ஒரு பட்டன் வைக்கமாட்டேன். வெள்ளை நூல்கண்டைத் தேடி நான் பைத்தியம் மாதிரிப் பேசுவதை அவள் எதற்குக் கேட்க வேண்டும்?

அவள் மேல் எனக்குப் பொறாமை என்று நீ நினைத்திருப்பாய். உன் அப்பாவும் அப்படித்தான் சொல்லிச் சிரிக்கிறான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஜூன் மாதம் வரைக்கும். வயிறு எரிந்தது நிஜம். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் எனக்கு யார் ஞாபகம் வருகிறது தெரியுமா? அவள் இல்லை. நீ. அந்தப் பால்கனியில், அவளுக்கு எதிரில், நீ. உன் விடுதிச் சாப்பாட்டையும், பேராசிரியரையும், பேருந்தில் சண்டை போட்டதையும் நீ பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவாய். அவள் கையில் ஏதாவது தைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், சரியான இடத்தில் ஒன்று கொட்டுவாள். உனக்கு இரண்டு நிறுத்தம். எனக்கு எத்தனை?

பெற்ற பிள்ளையின் பிள்ளையைப் பார்த்து இப்படி ஒரு பாட்டி எரியலாமா என்று தெரியவில்லை. எரிந்தேன்.

என் சம்மதத் தாள் இத்துடன் இருக்கிறது. இருபத்து நாலாவது கையெழுத்து. படிப்புக்கு வைத்துக்கொள், என் பெயர் போடாதே. "தையல்காரி" என்று மட்டும் போடு.

அந்த மிஷின் எது என்று கேட்டாயே. உனக்குப் பதில் சொன்னால் அவளுக்குச் சொன்னது ஆகாது. ஒட்டின கடிதம் ஒன்று உள்ளே இருக்கிறது. சனிக்கிழமை அவள் கையில் கொடு. உன் பதிவு மிஷினை எடுத்துப் போகாமல் போ, ஒரு சனிக்கிழமை போனால் பட்டம் குறைந்துவிடாது. கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடு. மருமகளையும் கூட்டிக்கொண்டு போ.

உன் பாட்டி


ஜூலை 21

சின்னவளுக்கு,

நீ நன்றாக இருப்பதாகக் குருவி சொல்கிறாள். படத்திலும் அப்படித்தான் தெரிகிறது. நான் தைலம் போடுகிறேன். இதை எழுதுவதற்காக மிஷினை நிறுத்தியிருக்கிறேன், வெளியில் இரண்டு பேர் சீருடைக்குக் காத்திருக்கிறார்கள், காத்திருக்கட்டும்.

நீ குருவியின் கருவிக்கு முன்னால் சொன்னது எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. உனக்கு ஞாபகம் இருக்காது என்று நினைத்தேன். நான் மறந்துவிட்டதாக நீ நினைத்திருப்பாய்.

அன்றைக்கு உன் மகன் கடிதம் போட்டிருந்தான், வந்துவிடு என்று. நீ அதை நாலாக மடித்துப் பட்டன் டப்பாவுக்கு அடியில் வைத்தாய். நான் பார்த்தேன். மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை நீ. எனக்கு உள்ளே கொதித்தது. மகன் கூப்பிட்டதும் இவள் மனசு போய்விட்டது, உடம்பு மட்டும் காஜா எடுக்கிறது என்று நினைத்தேன். நாலாவது நாள்தான் கேட்டாய். உன் வாயால் நீயாக என்னைக் கேட்ட கேள்வி முப்பத்தொரு வருடத்தில் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்குக் கேட்டது. மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று இரண்டு வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாகக் கேட்டது. இருக்கிறவள் இருப்பாள், இதை என்னிடம் எதற்குக் கேட்கிறாள், என் வாயிலிருந்து பிடுங்கப் பார்க்கிறாள் என்று வீம்பு. பள்ளிக்கூடக் கால்சட்டை ஒன்று கையில் இருந்தது. ஒரு காலின் பக்கத் தையலை மேலிருந்து கீழ் வரை ஓட்டினேன். நீ ஊசியை நிறுத்தி வைத்துக்கொண்டு இருந்தாய். இரண்டாவது காலையும் ஓட்டினேன். அதை முடித்து நிமிர்ந்தபோது நீ தலையைக் குனிந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாய்.

அந்தக் கால்சட்டை இரண்டு காலும் கோணல். நீ போன மறுநாள் பிரித்துத் தைத்தேன்.

பதில் தாமதமானால் அது "இல்லை"தான் என்று குருவியின் படிப்பில் இருக்கிறதாம். அவள் படிப்பில் கிழவிகளின் வீம்புக்கு ஒரு குறி இல்லை, சேர்க்கச் சொல்ல வேண்டும். அவள் எழுதுகிற மாதிரியே நானும் எழுதிப் பார்த்தேன். சரியா என்று பார்.

சின்னவள்: அக்கா, நான் இங்கேயே இருந்துடட்டுமா?
(இரண்டு வருடம், நாலு மாதம்)
பெரியவள்: இருடி.